பதினைந்தாவது பேட்டரி

1

வந்திருந்தோர்:
மேனேஜர்.
எச்.ஆர். மேடம்.
தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தணிக்கைக்காரர்.
பேட்டரி அறைப் பொறுப்பாளர் (எல்லோருக்கும் ஆசிட் அண்ணன்).
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் (எல்லோருக்கும் ரிவர்ஸ் அக்கா).
குறிப்பெழுத ஒருவன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றால், மேலே இருக்கும் பட்டியலிலிருந்து வந்தது. ஒரு கோடவுனில் காலை பத்து மணிக்கு நடந்த விசாரணையின் குறிப்பேட்டில் முதல் பக்கம் அது. பட்டியலில் கடைசியாக நிற்கும் 'ஒருவன்'தான் இதை எழுதுகிறவன். அவன் எழுதி, ஐந்து பேர் படித்து, ஐந்து பேரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்ட ஒரே படைப்பு அந்தக் குறிப்பேடு. அதற்குப் பிறகு அவன் எழுதிய எதையும் யாரும் கடைசிவரை படித்ததாகத் தகவல் இல்லை.

'நான்' என்றே எழுதித் தொலைக்கலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தான். மூன்று வரி போவதற்குள் அந்த 'நான்' நல்லவனாகிக்கொண்டே வந்தான். நாலாவது வரியில் அவனுக்குக் கண் கலங்கியது. கிழித்துப் போட்டாகிவிட்டது. எழுதுகிறவன் இனிமேல் எழுதுகிறவன்தான். அவனை நல்லவனாக்குகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

2

முதல் தொடக்கம்: கோடவுனின் வடக்கு மூலையில், வெயில் எட்டிப் பார்க்காத ஓர் அறையில், பதினான்கு இரும்புப் பெட்டிகள் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு

(பேட்டரி மூச்சு விட்டால் அதற்குப் பெயர் வாயுக்கசிவு. இந்த வரியை அடி.)

இரண்டாம் தொடக்கம்: யோசித்துப் பார்த்தால் மனிதனும் ஒரு பேட்டரிதான்

(இதை எச்.ஆர். மேடம் ஏற்கெனவே சுவரொட்டியாக அடித்து மாட்டிவிட்டார். ஒரு சிரிக்கும் பேட்டரிக்குக் கை கால் வரைந்திருந்தார்கள். அடி.)

மூன்றாம் தொடக்கம், அலங்காரம் இல்லாமல்: அந்தக் கோடவுனில் சரக்குத் தூக்கும் வண்டிகள் பேட்டரியில் ஓடின. ஒரு பேட்டரி ஓர் ஆள் குந்தி உட்காரும் பெட்டி அளவு. கனம் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணி நேரம் ஓடும். பிறகு எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறும். ஏறியதும் எடுத்து ஓட்டிவிட முடியாது. கொதிக்கும். இன்னும் எட்டு மணி நேரம் சும்மா கிடந்து ஆற வேண்டும். சூட்டோடு எடுத்து ஓட்டினால் ஆறு வருஷம் உழைக்க வேண்டியது மூன்றே வருஷத்தில் செத்துப்போகும்.

ஆக ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு அந்த இரும்புப் பெட்டி எதுவும் செய்யாமல் கிடக்கும். அதை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. எச்.ஆர். மேடம் கூப்பிட்டு வீட்டில் பிரச்சினையா என்று கேட்பதில்லை.

இந்தக் கணக்கைக் கட்டிக் காத்தவர் ஆசிட் அண்ணன். இருபத்திரண்டு வருஷம். அவருடைய எல்லாச் சட்டையிலும் வயிற்றுப் பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஒவ்வொரு பேட்டரிக்கும் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பச்சை அட்டை. அட்டையில் நாலு கட்டம்: உள்ளே, சார்ஜ் முடிந்தது, ஆறியது, வெளியே. நூலில் கட்டிய பேனா. ஒருமுறை லாரி வாசலில் நிற்க, மேனேஜரே வந்து ஆறாம் நம்பரை நாற்பது நிமிஷம் முன்னால் கேட்டார்.

"ஆறலை சார்."

"நாப்பது நிமிஷம்தானய்யா!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். நாப்பது நிமிஷம்தான். நில்லுங்க."

மேனேஜர் நின்றார். லாரி டிரைவர் அடித்த ஹாரன் கோடவுன் முழுக்கக் கேட்டது. ஆசிட் அண்ணன் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

3

இப்போது ஒரு கட்டுரை வரும். பிடிக்காதவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். யாரும் கையெழுத்து வாங்க மாட்டார்கள்.

'ரீசார்ஜ்' என்ற சொல்லை நாம் கைபேசியோடு வாங்கினோம். காசு கட்டினால் உயிர் வரும், கட்டாவிட்டால் போகும் என்பதே நமக்கு அதன் முதல் பொருள். பிறகுதான் அது மனிதர்கள்மேல் ஏறியது. ரெண்டு நாள் எங்கேயாவது போய் ரீசார்ஜ் ஆகிட்டு வாங்க என்று மருத்துவரே சொல்கிறார். எழுதுகிறவன் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனான். அவனுக்கு வேறு வேலை இல்லாத காலம் அது.

அந்தச் சொல்லின் கொடிவழியில் மேலே ஏறிக்கொண்டே போனால் ஆங்கிலம், அதற்கு மேல் பழைய பிரெஞ்சு, அதற்கும் மேல் லத்தீன். அங்கே போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருப்பது ஒரு வண்டி. சக்கரம் வைத்த பார வண்டி. 'சார்ஜ்' என்றால் வண்டியில் பாரம் ஏற்றுவது. துப்பாக்கியில் மருந்து ஏற்றுவது, பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவது, ஆள்மேல் குற்றம் ஏற்றுவது எல்லாம் அந்த ஒரே வண்டியிலிருந்து இறங்கியவைதான். 'ரீ' என்றால் மறுபடியும். ஆக, ரீசார்ஜ் ஆகிட்டு வா என்றால் அடியாழத்தில் அர்த்தம் இதுதான்: வண்டியை மறுபடி கொண்டு வந்து நிறுத்து, அடுத்த லோடு ஏற்றணும்.

எழுதுகிறவன் இதைக் கண்டுபிடித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தான். சொல் பொய் சொல்லவே இல்லை. நாம்தான் கேட்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் நம்முடைய சொல் ஒன்று கிடக்கிறது. இளைப்பாறுதல். இளைத்தது ஆறுகிறது, அவ்வளவுதான். அதில் வண்டியும் இல்லை, லோடும் இல்லை. ஆறினபிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சொல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ எந்தக் கம்பெனியும் அதைச் சுவரொட்டியில் போடுவதில்லை.

(இங்கே ஒரு பத்தி, தமிழின் பெருமை பற்றி, நீக்கப்பட்டது. இளைப்பாற விடாத முதலாளிகளும் நல்ல தமிழில்தான் திட்டுகிறார்கள்.)

4

கம்பெனி ஒரு 'ரீசார்ஜ் அறை' திறந்தது. ரிப்பன் வெட்டினார்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் அஞ்சாறு பீன் பேக். சுவரில் பெரிய பேட்டரிப் படம், பாதி பச்சை. அடையாள அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும். பன்னிரண்டு நிமிஷம் கழித்து விளக்கு தானாக அணையும், அதாவது உன் நேரம் முடிந்தது. யார் வந்தார்கள், எத்தனை தடவை என்பதெல்லாம் எச்.ஆர். மேடத்தின் கணினிக்குப் போகும். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் போனவர்களை மேடம் அன்போடு அழைப்பார். அந்த அன்புக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மேனேஜர் மட்டும் மாமியாரோடு போனில் பேச அதைப் பயன்படுத்தினார்.

விசாரணையும் அந்த அறையில்தான் நடந்தது. மீட்டிங் ரூமில் ஏ.சி. ரிப்பேர். (இதை எழுதுகிறவன் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டுவதென்றால் இன்னும் நம்புகிற மாதிரி எதையாவது சொல்லியிருப்பான்.)

5

ரிவர்ஸ் அக்கா என்ற பெயர், அவள் வண்டியை முன்னால் ஓட்டுவதைவிடப் பின்னால் நன்றாக ஓட்டுவாள் என்பதால் வந்தது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு கை அகலம் மிச்சமிருந்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் நுழைத்துவிடுவாள்.

அவளுக்கு ஏன் களைப்பு என்று வாசகர் கேட்கக்கூடும். எழுதுகிறவன் அவளுக்கு முதலில் படுத்த படுக்கையாய் ஓர் அம்மாவைக் கொடுத்தான். பிறகு குடிகாரக் கணவன். பிறகு இரண்டையும் பிடுங்கிக்கொண்டான். அவளுக்குக் களைப்பு, காரணம் வேலை. அதற்கு மேல் காரணம் வேண்டும் என்பவர்களுக்கு எச்.ஆர். அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

ஒருநாள் மதியம் அவள் பேட்டரி மாற்ற வந்தவள், ஆறிக்கொண்டிருந்த மூன்றாம் நம்பருக்கும் சுவருக்கும் இடையில் இருந்த பெஞ்சில் சாய்ந்தாள். முதுகுக்கு அந்தச் சூடு இதமாக இருந்திருக்கும். காற்று வெளியேற்றும் பெரிய விசிறியின் இரைச்சலில் வெளி ஒலிபெருக்கி கேட்காது.

"தங்கச்சி, இங்க இருக்கக் கூடாது. ரூல்." எல்லோருக்கும் அக்காவாக இருந்தவள் ஆசிட் அண்ணனுக்கு மட்டும் தங்கச்சி.

"பத்து நிமிஷம்ணே. கண்ணு சொருகுது. இப்படியே போனா யாரையாவது குத்திடுவேன்."

ஆசிட் அண்ணன் யோசித்தார். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கொம்புகளையும் யோசித்தார்.

"இந்த ரூம்ல எது ஆறினாலும் அட்டை வேணும்."

"அப்ப எனக்கும் ஒண்ணு மாட்டிருங்க." அவள் கேலியாகத்தான் சொன்னாள்.

கேலி புரிகிற ஆள் இல்லை அவர். புது அட்டை எடுத்தார். பதினைந்து என்று எழுதினார். புதிதாக ஓர் ஆணி அடித்தார், நூல் பிடித்த மாதிரி மற்ற பதினான்கின் வரிசையிலேயே. உள்ளே: 2.10. வெளியே: 2.35.

எழுந்தவள் அட்டையைப் பார்த்தாள். "ஏண்ணே, சார்ஜ் கட்டத்துல வெறும் கோடு இழுத்திருக்கீங்க?"

"உனக்கு யாரு சார்ஜ் ஏத்துனா? ஆறுன. அவ்வளவுதான்."

அந்த அறையில் ஆள் படுப்பது விதிமீறல் என்று அவருக்குத் தெரியும். பதிவில்லாமல் ஒன்றை ஆறவிடுவது அதைவிடப் பெரிய தப்பு என்று அவர் கை நினைத்தது. தப்புச் செய்து, அதை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, சுவரில் மாட்டி வைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி தள்ளிப்போட முடியாத விஷயம். அட்டையில் மொத்தம் முப்பத்தொரு பதிவு. அவற்றில் பத்தொன்பதுதான் ரிவர்ஸ் அக்கா. மீதிப் பன்னிரண்டும் எழுதுகிறவன். இரண்டு வருஷம் இரவு ஷிஃப்டில் கிடந்து, அதை விட்டுப் பகலுக்கு வந்த சரக்குக் கணக்கன் அவன். இரவும் கைவிட்டது, பகலும் சேர்த்துக்கொள்ளவில்லை. மதியம் மூன்று மணிக்கு எழுத்துகள் எறும்பாக ஊரும்.

"அண்ணே, எனக்குத் தனி அட்டை வேணாமா?" என்று கேட்டான் முதல்நாள்.

"எதுக்கு? வண்டி ஓட்டுனா என்ன, கணக்கு எழுதுனா என்ன தம்பி. படுத்தா பதினைஞ்சுதான்."

6

தணிக்கைக்காரர் மேசை நாற்காலி மனிதர். பீன் பேக்கில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் தாடைக்கு வந்துவிட்டன. அந்த நிலையிலும் கண்டிப்பாக இருக்கப் பார்த்தார்.

"பேட்டரி எத்தனை?"

"பதினாலு சார்" என்றார் ஆசிட் அண்ணன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அட்டை?"

"பதினைஞ்சு சார்."

"அப்ப பதினைஞ்சாவது பேட்டரி எங்க?"

"அப்படி ஒண்ணு கிடையாது சார்."

"கிடையாதது முப்பத்தொரு தடவை உள்ள வந்து வெளிய போயிருக்கு. உன் கையெழுத்துல."

"ஆமா சார்."

"என்னய்யா ஆமா? வித்துட்டியா? யாருக்கு வித்த?"

விளக்கு அணைந்தது. பன்னிரண்டு நிமிஷம். ஆள் அசைந்தால் மறுபடி எரியும் என்று எல்லோரும் இருட்டில் கையை ஆட்டினார்கள். விளக்கு வந்தபோது மேனேஜர் இரண்டு கையையும் தூக்கியபடி, யாரோ துப்பாக்கி நீட்டியது போல இருந்தார்.

"சார், இந்த ஆளு தப்பே எழுத மாட்டான்" என்றார் மேனேஜர், கையை இறக்கிக்கொண்டு. "இருபத்திரண்டு வருஷம். நானே அவன்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன்."

"அப்ப பேட்டரி இருந்திருக்கு, காணாமப் போயிருக்கு. போலீஸ்ல சொல்லிர வேண்டியதுதான்."

எழுதுகிறவன் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தான். 'காணாமல் போன பேட்டரி' என்று தெளிவாக எழுதினான். இல்லாத ஒன்று காணாமல் போவதைத் தன் கண்ணெதிரே பார்த்தும், அவன் பேனா தடுக்கவில்லை.

தணிக்கைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு தடவைகூட சார்ஜ் ஏத்தலை. வெறுமனே ஆற மட்டும் விட்டிருக்க. சார்ஜே ஏறாத பேட்டரி எப்படிய்யா ஓடும்?"

"ஓடுது சார்" என்றாள் ரிவர்ஸ் அக்கா. "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நல்லாவே ஓடுது."

"என்னம்மா சொல்ற?"

"திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சார் பதினைஞ்சு."

அவள் சொல்லி முடித்ததும் எச்.ஆர். மேடத்தின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "இவ்வளவு அழகா ரூம் கட்டிக் குடுத்திருக்கோம். இங்க வந்து ரீசார்ஜ் பண்ணியிருக்கலாமேம்மா?"

"வந்தேன் மேடம். மூணாவது தடவையே நீங்க கூப்பிட்டு, வீட்ல எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டீங்க. இன்னொரு தடவை வந்தா வண்டி ஓட்டத் தகுதியான்னு டெஸ்ட் வைக்கணும்னீங்க. பேட்டரி ரூம்ல அந்த மாதிரி யாரும் கேக்கலை. அட்டையில நேரத்தை மட்டும் எழுதுனாரு."

"முப்பத்தொண்ணும் நீதானா?" தணிக்கைக்காரர்.

அவள் தலையாட்டினாள். "ஆமா சார்."

"பதினெட்டாம் தேதி நீ லீவு." அவர் வேறொரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலை அது. அதில் அவர் கெட்டிக்காரர். "பதினெட்டாம் தேதி மூணு பத்துக்கு உள்ள. மூணு நாப்பதுக்கு வெளிய. அது யாரு?"

எழுதுகிறவன் 'பதினெட்டாம் தேதி' என்று எழுதி, அதன்கீழ் கோடு போட்டான். கோட்டை ஒருமுறை தடித்தான். அவனை யாரும் பார்க்கவில்லை. குறிப்பெழுதுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அந்த வேலையில் உள்ள ஒரே வசதி.

"அது நான் தப்பா எழுதினது சார்" என்றார் ஆசிட் அண்ணன்.

"தப்பா?"

"தேதி தப்பு."

"தப்பே எழுதாத ஆளுன்னு இப்பதானே சொன்னாங்க?"

"இது ஒண்ணு ஆயிருச்சு சார்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் பொய் அது. பழக்கமில்லாததால் மோசமாகச் சொன்னார். காது மடல்வரை சிவந்துவிட்டது. ஆனாலும் தணிக்கைக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். படுத்துத் தூங்கியதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயம். ஓர் அட்டை தப்பென்றால் பதினான்கு அட்டையும் சந்தேகம். இருபத்திரண்டு வருஷ அட்டைகளும் சந்தேகம்.

ரிவர்ஸ் அக்காவுக்கு மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு. ஆசிட் அண்ணனுக்கு, பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்காக, அன்றோடு வேலை இல்லை.

விளக்கு மறுபடி அணைந்தது. இந்த முறை கொஞ்ச நேரம் யாரும் கையை ஆட்டவில்லை.

7

மாற்று முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. எழுதுகிறவன் பேனாவை மூடிவிட்டு எழுந்து நிற்கிறான். "சார், பதினெட்டாம் தேதி படுத்தது நான்தான்." நல்ல முடிவு. ஒரே சிக்கல், அது நடக்கவில்லை. மேனேஜருக்கும் தணிக்கைக்காரருக்கும் பீன் பேக்கிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. எழுதுகிறவன் உட்கார்ந்திருந்ததோ பிளாஸ்டிக் ஸ்டூலில். அந்த அறையில் நினைத்தவுடன் எழுந்து நிற்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

ஆ. மறுநாள் கோடவுனில் இருநூறு பேரும் கழுத்தில் பச்சை அட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் பதினைந்து. மேனேஜர் வெலவெலத்துப் போய்

(எந்தக் கோடவுனில்? எழுதுகிறவன் இதுவரை பார்த்த கோடவுன்களில் எல்லோரும் மறுநாள் நேரத்துக்கு வந்து அடையாள அட்டையைத்தான் தேய்த்தார்கள்.)

இ. எச்.ஆர். மேடம் மனம் மாறி, ரீசார்ஜ் அறையின் விளக்குக்கு இருபது நிமிஷம் கொடுக்கிறார். இது நிஜமாகவே நடந்தது. அதனால்தான் முடிவாக வைக்கக் கூசுகிறது.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'திருத்தம் ஏதேனும் இருப்பின்' என்று அச்சடித்து, கீழே மூன்று புள்ளிக்கோடு விட்டிருப்பார்கள். அந்த மூன்று கோடும் இன்றுவரை காலி. எழுதுகிறவன் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறான். அதில் ஒரு பெயர் எழுத வேண்டும். அவன் கை வரவில்லை. வராத கையை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறான். வாசகரே, பேனா உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். முதலில், இதே மாதிரி ஓர் அறையில், இதே மாதிரி ஸ்டூலில், நீங்கள் கடைசியாக எப்போது எழுந்து நின்றீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

8

ஆனால் இது நடந்தது.

பதினொன்று நாற்பதுக்கு மேனேஜர் எழுதுகிறவன் கையில் சாவியைத் திணித்தார். "எழுதி முடிச்சிட்டல்ல? அந்த ஆளை அனுப்பிட்டு ரூமைப் பூட்டிட்டு வா."

ஆசிட் அண்ணன் பேட்டரி அறையில் தன் பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, ஓட்டை விழுந்த ஒரு மாற்றுச் சட்டை. வாசலில் அறையின் எல்லையாகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே எழுதுகிறவன் நின்றான். அன்று ஏனோ அந்தக் கோட்டைத் தாண்ட அவனுக்குக் கால் வரவில்லை.

"எல்லாம் எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டேண்ணே."

"தேதியெல்லாம் சரியா போட்டியா?"

"போட்டேண்ணே."

அவர் தலையாட்டினார். அதில் கிண்டல் இருந்ததா என்று எழுதுகிறவன் பல தடவை யோசித்திருக்கிறான். அவருக்குக் கிண்டல் வராது என்பதுதான் அவனை இன்னும் தூங்கவிடாத விஷயம். சரியான தேதி எழுதப்பட்டதில் அவருக்கு நிம்மதி.

பிறகு இடுக்கியை எடுத்து, அட்டை இல்லாமல் நின்ற பதினைந்தாவது ஆணியைப் பிடுங்கினார். சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பைக் கையால் தட்டிவிட்டு ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒம்பது இன்னும் ஆறலை. நாலு மணிக்கு முன்னாடி யாரு வந்து கேட்டாலும் குடுக்காதே."

"சரிண்ணே."

"மேனேஜர் கேட்டாலும்."

"சரிண்ணே."

வேறு ஏதாவது சொல்வான் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். விசிறி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என்ன சொல்லியிருந்தாலும் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே போனார். எழுதுகிறவன் கதவை இழுத்துச் சாத்தினான். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினான். பூட்டியிருக்கிறதா என்று, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது.